மேலிடத்துக்கு முடியாத நாள்

டவர் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் என்பதால் அவளுக்கு ‘மேலிடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கம்பி கட்டுகிறவர்கள் சரக்குக் கேட்டால், “மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்” என்பான் கீழே வாக்கி டாக்கியும் கைச் சைகையுமாக நிற்கும் சிக்னல்காரன். சாப்பாட்டு நேரம் நெருங்கியும் பலகை வந்து சேரவில்லையென்றால், “மேலிடம் இன்னும் உத்தரவு போடலையாம்” என்று தச்சர்கள் சிரிப்பார்கள். அவளும் மேலே இருந்தபடியே, “மனு கொடுத்திருக்கியா?” என்று வாக்கியில் கேட்பாள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் சும்மா வாங்கிவிடவில்லை.

சிக்னல்காரன் வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன். கணவனின் தம்பி. ஒரே கட்டடத்தில் கீழ்வீட்டில் அவன் குடும்பமும் மேல்வீட்டில் இவள் குடும்பமும் இருந்தன. ஆரம்பத்தில் அவளும் கீழேதான் வேலை பார்த்தாள். சரக்குக்குக் கொக்கி மாட்டுகிற வேலை. மாலை வகுப்புக்குப் போய் கிரேன் ஓட்டப் படித்து, உரிமம் வாங்கி, பழைய ஆபரேட்டர் ஓய்வு பெற்றபோது இன்ஜினியரிடம் போய் நின்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏணி ஏறணும்மா. தினமும் ஏறணும். மாசத்துல எல்லா நாளும்” என்றார். ‘எல்லா நாளும்’ என்ற இரண்டு சொல்லையும் அழுத்திச் சொல்லிவிட்டு, மேசை மேல் இருந்த தலைக்கவசத்தைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. “ஏறுவேன் சார். எல்லா நாளும்” என்றாள்.

ஏறவும் செய்தாள். முதல் இரண்டு வருஷம் பிரச்சினை இல்லை. வயிறு வலிக்கும், இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கும், ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டிவிடுவாள். கடந்த ஒரு வருஷமாகத்தான் நிலைமை மாறியது. உதிரப்போக்கு அதிகமானது. மூன்று நாளில் முடிவது ஒரு வாரம் இழுத்தது. முடிந்த பிறகும் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. துணி பிழிந்தால் கை துவண்டது. காலையில் எழுந்திருக்கும்போதே, ராத்திரி முழுக்க யாரோ தன்னை வேலை வாங்கியதுபோல அசதியாக இருந்தது.

கிரேன் கேபினில் கழிப்பறை கிடையாது. இறங்கி ஏறுவதென்றால் கீழே எல்லாரும் கைகட்டி நிற்க வேண்டும். அதனால் அந்த நாட்களில் அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். கறுப்புக் கால்சட்டை போட்டாள். இரண்டு நாப்கினை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம், வாழைப்பழம், பிளாஸ்கில் கெட்டியான காபி. சரக்கு ஏற்றுகிற இடைவெளியில் கண்ணாடியில் தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் சமையலை முடித்துவிட்டு, பாத்திரத்தைத் தொட்டியில் போட்டபடியே போய்ப் படுத்துவிடுவாள்.

“எந்நேரமும் படுக்கைதானா?” என்பான் கணவன். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கெட்டவன் இல்லை. சொல்லிவிட்டு அவனே எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவுவான். “டாக்டரைப் பாக்கணும்போல இருக்கு” என்று ஒருமுறை அவள் சொன்னபோது, “இதுக்கெல்லாமா? எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதானே” என்றான். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். தவிர, டாக்டர் ஓய்வெடு என்று சொல்லிவிட்டால்? எங்கே எடுப்பது? ஒரு தடவை ‘முடியலை’ என்று வாயைத் திறந்துவிட்டால், தனக்கு மட்டுமல்ல, தனக்குப் பின்னால் வருகிற எவளுக்கும் அந்த நாற்காலி கிடைக்காது என்று அவள் நம்பினாள்.

அன்று இரண்டாம் நாள். அதுதான் மோசமான நாள். காலையில் ஏணியில் ஏறும்போது ஒவ்வொரு தட்டிலும் நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். காதுக்குள் ஏதோ இரைந்தது. கேபினுக்குள் போய் உட்கார்ந்தபோது முதுகெல்லாம் வேர்த்து, அந்த வேர்வை சில்லென்று இருந்தது.

“மேலே, ரெடியா?” என்றது வாக்கி. வேலை நேரத்தில் கொழுந்தன் ‘அண்ணி’ என்று கூப்பிட மாட்டான். ‘மேலே’தான்.

“ரெடி.”

ஏதோ கேட்க வந்தவன்போல பொத்தானை அழுத்தி அழுத்தி விட்டான். கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு, “சரி, பலகைக் கட்டு ஒண்ணு. புதுத் தளத்துக்கு” என்றான்.

கட்டு தரையை விட்டு எழும்பியது. அவள் கண் அதன் மேலேயே இருந்தது. பாதி கட்டிய தளத்தின் விளிம்பில், தூண்களுக்கு நடுவே, கொழுந்தனும் இரண்டு தச்சர்களும் காத்து நின்றார்கள். கொழுந்தனின் சைகையைப் பார்த்துக் கிரேனின் நீண்ட கையை மெல்லத் திருப்பினாள். கட்டு தளத்துக்கு நேராக வந்தது. இன்னும் கொஞ்சம்தான்.

அப்போது கண்ணுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒன்று இறங்கியது. பக்கவாட்டிலிருந்து இருட்டு நெருங்கி வந்தது. கண்ணாடி, தளம், மனிதர்கள் எல்லாம் தூரத்துக்குப் போனதுபோல் இருந்தது. அவள் கை லீவரிலிருந்து நழுவியது.

லீவரை விட்டால் கிரேன் தானாக நின்றுவிடும். ஆனால் தொங்குகிற சரக்கு நிற்காது. கிரேனின் கை வெடுக்கென்று நின்றதும் பலகைக் கட்டு வேகத்தோடு ஊசலாடித் தளத்துக்குள் புகுந்தது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ, வாக்கியில் குரல் கேட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“மேலே. மேலே. அப்படியே இரு. எதையும் தொடாத.” கொழுந்தனின் குரல்தான். சாதாரணமாகத்தான் இருந்தது. “நல்லா மூச்சு விடு. கேக்குதா?”

“கேக்குது.”

“கொஞ்சம் தூக்கு. போதும். இடது பக்கம், மெதுவா. இன்னும் மெதுவா. நிறுத்து. இப்ப இறக்கு. இறக்கு. இறக்கு. ஆச்சு.”

கட்டு தளத்தில் உட்கார்ந்தது. கயிறு தளர்ந்தது. அதற்குப் பிறகு வாக்கியில் அவன் குரல் வரவில்லை. தச்சரில் ஒருவர்தான் பேசினார். “மேலிடம், இறங்கி வாம்மா. உன் கொழுந்தன் கை போச்சு.”

நடந்தது இதுதான். கட்டு வீசி வருவதைப் பார்த்ததும் அவன் பக்கத்தில் நின்ற தச்சரைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். தான் விலக நேரமில்லை. கட்டுக்கும் தூணுக்கும் நடுவில் அவனுடைய வலது கை மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த கையைத் தொங்கவிட்டபடி, இடது கையில் வாக்கியைப் பிடித்துக்கொண்டுதான் அவ்வளவு நேரமும் அவளுக்கு வழி சொல்லியிருக்கிறான்.

அவள் ஏணியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தொடைவரை நனைந்துவிட்டிருந்தது. மேல்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள். அவள் தரையைத் தொட்டபோது அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். இன்ஜினியர் நின்றுகொண்டிருந்தார்.

“உன் கொழுந்தன் ஒத்துக்கிட்டான். சிக்னலைத் தப்பாக் கொடுத்துட்டானாம். ‘நிறுத்து’ன்னு கை காட்ட வேண்டிய எடத்துல ‘திருப்பு’ன்னு காட்டிட்டானாம்” என்றார். “இத்தனை வருஷ ஆளு. என்ன சொல்றது!”

அவள் வாயைத் திறந்தாள். சுற்றி இருபது முப்பது பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் கட்டிய சட்டை நழுவிவிடாமல் ஒரு கையால் பிடித்திருந்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

மருத்துவமனையில் அவன் கையில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மருந்து வாங்க அவன் மனைவி வெளியே போயிருந்தாள். இவள் கட்டிலுக்கு அருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எதுக்குத் தம்பி அப்படிச் சொன்னீங்க?”

அவன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான். “வேற என்ன சொல்றது அண்ணி?”

“எனக்கு மயக்கம் வந்துச்சு. நீங்க சரியாத்தான் காட்டினீங்க.”

“தெரியும். காலையில நீங்க நின்னு நின்னு ஏறும்போதே தெரியும். போன மாசமும் அப்படித்தான் ஏறினீங்க. அதுக்கு முந்தின மாசமும். வாக்கியை எடுத்து, ‘அண்ணி, உடம்புக்கு முடியலைன்னா இறங்கிடுங்க’ன்னு சொல்ல வாய்வரைக்கும் வந்துச்சு. எப்படிச் சொல்றது? அந்த வாக்கியில சொன்னா அத்தனை பேருக்கும் கேக்கும். தனியாக் கேக்கலாம்னா, எங்கம்மாகிட்டகூட நான் அதெல்லாம் கேட்டதில்லை.”

“இதுல உங்க தப்பு என்ன இருக்கு?”

“தெரிஞ்சே சரக்குத் தூக்கச் சொன்னேனே. அப்புறம் யார் தப்பு?” என்றான். வலி எடுத்திருக்க வேண்டும், கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவளுக்கு அவனைத் தொட்டு ஆறுதல் சொல்லத் தோன்றியது. தொடவில்லை. கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். தவறாகச் சிக்னல் கொடுத்தவனை எந்த இடத்திலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அவன் மனைவி, இவளுடைய ஓரகத்தி, கீழ்வீட்டில் கத்துவது மேல்வீடு வரைக்கும் கேட்டது. “பத்து வருஷமாக் கை காட்டினவருக்குத் திருப்பு எது, நிறுத்து எதுன்னு மறந்து போச்சாம்! யார் காதுல பூ சுத்துறீங்க?” அவனிடமிருந்து பதில் வராதது ஓரகத்திக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

மேலிடத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நெடுநேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

“அவன்தான் ஒத்துக்கிட்டானே. விடு. நீயும் போய் உண்மையைச் சொல்றேன்னு சொல்லி வேலையை விட்டுட்டு வந்தா, ரெண்டு வீடும் உக்காரணும்.”

“அவருக்குக் கை போயிருக்குங்க. பேரும் போகணுமா?”

“நான் அவன் அண்ணன்டி. எனக்கு வலிக்காதா?” என்றான். எழுந்து வெளியே போய்விட்டான்.

அவள் கீழே இறங்கினாள். ஓரகத்தி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். “வாங்க அக்கா” என்றாள், நிமிராமல். இவள் நின்றபடியே சொன்னாள். மயக்கம் வந்ததை, கை நழுவியதை, அத்தனை பேர் முன்னால் வாய் திறக்காமல் நின்றதை.

ஓரகத்தியின் கை மடித்துக்கொண்டிருந்த குழந்தைச் சட்டையோடு நின்றது. “எத்தனை மாசமா உங்களுக்கு இப்படி?”

“ஒரு வருஷமா.”

“ஒரு வருஷம்! தினமும் இந்தப் படியில ஏறி இறங்குறீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்கிட்ட சொல்லத் தோணலையா? எனக்கு மட்டும் வராதா அது? நான் என்ன ஆம்பளையா?” அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. “நீங்க பெரிய வேலை பாக்குறவங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு காட்டணும். அதுக்கு எங்க வீட்டு ஆள் கையா?”

ஓரகத்தி சட்டையை மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

“போங்க அக்கா. மேல போங்க. இப்ப எனக்கு உங்களைப் பாக்க முடியாது.”

மறுநாள் காலையில் அவள் இன்ஜினியரின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. மாதவிலக்கு, அதிகப் போக்கு, மயக்கம், கை நழுவியது. இன்ஜினியர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே நின்றுகிடந்த கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காய்ச்சல்னு சொல்லிடலாமா?” என்றார் கடைசியில்.

“வேணாம் சார். இதையே சொல்லுங்க.”

“இதுக்குத்தாம்மா நான் அன்னைக்கே…”

“அன்னைக்கு நீங்க எல்லா நாளும் ஏறணும்னு சொன்னீங்க. நானும் ஏறுவேன்னுட்டேன். அது என் தப்பு. ஆனா பழைய ஆபரேட்டர் முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு கீழேயே நின்னப்போ, மாத்து ஆள் போட்டீங்களே சார். அவரை யாரும் ஒண்ணும் கேக்கலையே.”

“முதுகுவலியும் இதுவும் ஒண்ணா?”

“மேல உக்காந்திருக்கிறவனுக்குத் தலை சுத்துச்சுன்னா, எதனால சுத்தினா என்ன சார்? கீழ நிக்கிறவன்தான் சாவான்.”

அவள் சொன்னது அவருக்கு உறைத்ததா, இல்லை ஒரு பெண்ணோடு இந்தப் பேச்சை எப்படி முடிப்பது என்று தவித்தாரா, தெரியாது. கொழுந்தனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். கை கூடும்வரை வாசல் காவலில் இருக்கட்டும் என்றார். அவளிடம், “உன்னை இனிமே மேல அனுப்ப முடியாதும்மா. புரிஞ்சுக்கோ” என்றார். அவளுக்குப் புரிந்தது. அழுகை வரவில்லை. வெளியே வந்து மணல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. சாய்ந்துவிட்டாள்.

கண் விழித்தபோது மருத்துவமனைக் கட்டிலில் இருந்தாள். கையில் ஊசி குத்தியிருந்தது. குழாய் வழியே யாரோ ஒருவருடைய ரத்தம் சொட்டுச் சொட்டாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மா வேகமாகப் பேசுகிறவர்.

“உங்களுக்கு இருக்க வேண்டிய ரத்தத்துல பாதிகூட இல்ல. இதை வச்சுக்கிட்டா கிரேன் ஏறினீங்க? ஏன் முன்னாடியே வரலை?”

“எல்லாருக்கும் வர்றதுதானேன்னு…”

“எல்லாருக்கும் வரும். எல்லாருக்கும் இவ்வளவு போகாது. நாப்கின் ஒரு மணி நேரத்துல நனைஞ்சா, கட்டி கட்டியாப் போனா, படி ஏறினா மூச்சு வாங்கினா, அது சோம்பேறித்தனம் இல்ல. நோய். புரியுதா?” ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். கருப்பையில் கட்டி ஒன்று இருந்தது. கெட்ட கட்டி இல்லை. மருந்துக்குக் கட்டுப்படாவிட்டால் அறுவை சிகிச்சை. இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு போடக் கூடாது, எலுமிச்சைச் சாறோடு போடலாம் என்றார். தண்ணீரைக் குறைக்கவே கூடாது என்றார். கஷ்டமான நாட்கள் எவை என்று உங்களுக்கே தெரியும், அந்த நாட்களுக்கு முன்கூட்டியே வேலையைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதைக் கேட்டுக் கட்டிலின் காலடியில் நின்றிருந்த கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

உடம்பு தேற நாளானது. கொழுந்தனின் கை கூடியது. ஆனால் மணிக்கட்டு முன்போல முழுதாகத் திரும்பவில்லை. மறுபடியும் சிக்னல் வேலைக்கு வந்தபோது இடது கையால்தான் காட்டினான். மேலே புது ஆபரேட்டர், ஆண். வாக்கியில் யாரும் அவனை மேலிடம் என்று கூப்பிடவில்லை என்று கொழுந்தன் ஒரு நாள் சொன்னான். அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவள் சிரித்தாள்.

அவளுக்கு ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. கூரைக்கடியில் ஓடுகிற சின்னக் கிரேன். கையில் ஒரு பொத்தான் பெட்டியை வைத்துக்கொண்டு தரையில் நடந்தபடியே ஓட்ட வேண்டும். கழிப்பறை பத்தடி தூரம். சேர்ந்த முதல் நாளே மேற்பார்வையாளரிடம், “மாசத்துல ரெண்டு நாள் என்னால முழுசா முடியாது. அன்னைக்கு எனக்கு உக்கார்ற வேலை கொடுங்க. அதுக்கு ஈடா மத்த நாள்ல கூடுதலாப் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் சுளித்தார், ஆனால் சரி என்றார். அங்கிருந்து வானம் தெரியாது. நகரத்தின் கூரைகள் தெரியாது. சில நாள் வேலை முடிந்து வரும்போது, எங்கோ தூரத்தில் ஒரு கிரேன் திரும்புவதைப் பார்த்து அப்படியே நின்றுவிடுவாள். பேருந்து போய்விடும்.

ஓரகத்தி மாதக்கணக்கில் பேசவில்லை. படியில் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கிப் போவாள். கொழுந்தன் சாப்பிடும்போது இடது கையால் கரண்டியைப் பிடிப்பதைக் கீழ்வீட்டு ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, அவள் நியாயம் அவளுக்கு என்று மேலிடம் நினைத்துக்கொள்வாள்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த மாதம். அன்று மதியம் கிடங்கிலிருந்து சீக்கிரமே வந்து படுத்திருந்தாள். வயிற்றில் வெந்நீர்ப் பை. மாத்திரை போட்டாயிற்று, தண்ணீர் குடித்தாயிற்று, செய்ய வேண்டியதெல்லாம் செய்தும் உடம்பு ஈயமாகக் கனத்தது. கதவு தட்டாமல் திறந்தது. ஓரகத்தி ஒரு தூக்குப் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். அதை மேசை மேல் வைத்தாள். ஜன்னல் திரையை இழுத்து, கண்ணில் விழுந்த வெயிலை மறைத்தாள்.

“உங்க வீட்டுக்கும் சேர்த்துச் சமைச்சிட்டேன். நீங்க எந்திரிக்க வேணாம்.”

மேலிடம் முழங்கையை ஊன்றி எழ முயன்றாள்.

“படுங்கன்னு சொல்றேன்ல.” வாசல்வரை போனவள் திரும்பினாள். “இதுக்காக எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சுக்காதீங்க அக்கா. கோவம் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கும். ஆபரேஷனுக்கு யாரு கூட வர்றா?”

“இவரு லீவு கேட்டிருக்காரு. கிடைக்குமான்னு தெரியலை.”

“அவரு வந்து என்ன பண்ணுவாரு, மின்விசிறியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனாள்.